ஓட்டோடு நின்ற திருகாணி

அவையை வழிநடத்தும் தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, நம் குடியிருப்பைக் கட்டித் தந்த மேஸ்திரி அவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

“தண்ணி குடிச்சா போகணும், போனா அது ஆடுது. நான் என்னடா பண்றது?”

இடுப்பெலும்பு முறிந்து தேறிவரும் என் அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கழிப்பறைப் பீடம் ஆடுகிறதே என்று அஞ்சி ஒரு பெண் பகலெல்லாம் நாவறண்டு கிடந்தாளே, அதற்கும் சிரிப்பீர்களா?

மேஸ்திரியிடம் சொன்னேன். “புதுசுல அப்படித்தான் சார், போகப் போக செட் ஆயிடும்” என்றார். பீடம் என்ன புதுச் செருப்பா, போட்டுப் போட்டுப் பழக? சுற்றிலும் வெள்ளை சிமெண்ட் பூசினார். பூச்சு பிளந்தது, நாற்றம் நுழைந்தது, ஆட்டம் மட்டும் அப்படியே இருந்தது!

பீடத்தைக் கழற்றச் சொன்னேன். தரைக்குழாயின் வாயில் ஒரு வளையம். ஃபிளாஞ்ச் என்பார்கள். பீடத்தைப் பிடித்து நிறுத்துவது அதுதான். அது தரை ஓட்டின், அதாவது டைல்ஸின், மேல் படிய வேண்டும். அதன் திருகாணிகள் டைல்ஸைக் கடந்து கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும். சுவரின் பூச்சில் மட்டும் ஆணி அடித்துக் கடிகாரம் மாட்டினால் நிற்குமா? இங்கே திருகாணிகள் டைல்ஸோடு நின்றிருந்தன!

“ஏம்ப்பா இப்படி?”

“ஆழமா டிரில் போட்டா டைல்ஸ் விரிசல் விடும் சார். ஒரு கீறல் விழுந்தாலும் வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க.”

கைத்தடியோடு வாசலில் நின்ற அக்கா கேட்டாள்: “டைல்ஸ் உடைஞ்சா சண்டைக்கு வருவாங்க. நான் விழுந்து உடைஞ்சா யாருப்பா வருவா?”

யார் வருவார்? சொல்லுங்கள், யார் வருவார்? மெருகைக் காத்தோம், மனிதரைக் காத்தோமா? மேஸ்திரியை மட்டும் பார்க்காதீர்கள்! வீடு பார்க்க வந்த அன்று நாமும் டைல்ஸைத்தானே தடவித் தடவி மெச்சினோம்? நம்மில் எவராவது பீடத்தைத் தொட்டாரா?

என்னம்மா, உங்கள் வீட்டிலும் ஆடுகிறதா? ஆடத்தான் செய்யும், தாயே!

டைல்ஸுக்கென்று உள்ள டிரில் முனையால், அதிர்வில்லாமல், மெதுவாகத் துளைத்தால் ஓடு உடையாது. நான் சண்டை போட்ட பிறகு அப்படித்தான் துளைத்தார்கள். ஒரு கீறல் விழவில்லை. முதலிலேயே செய்திருக்கலாமே! சண்டை போடத் தம்பி இல்லாத அக்காக்கள் தாகத்தோடு கிடப்பதா?

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணங்கி விடைபெறுகிறேன். வீட்டுக்குப் போனதும், உட்காருவதற்கு முன், பீடத்தை இரு கைகளாலும் பிடித்து அசைத்துப் பாருங்கள்.