வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாத முட்டை

கர்ப்பிணிப் பிரிவின் உணவு ஆலோசகரே! எங்கள் எல்லோருக்கும் அக்காவே! வரிசையில் நிற்கும் பெண்கள் பெயர் கேட்காமலே சூட்டிய பட்டத்தின்படி, முட்டைக்கார அம்மாவே! வணக்கம்.

பணி ஓய்வு வாழ்த்து மடல் என்றால் அடைமொழிகள் வேண்டும். வேலை முடிந்து கால் வலியோடு உட்கார்ந்து யோசித்ததில் அதிகம் வரவில்லை. மருந்தாளுநர் "கருணைக் கடலே" என்று எழுதினார். "அக்கா காதுல விழுந்தா சிரிப்பாங்க" என்று தலைமைச் செவிலி அடித்துவிட்டார். ஆகவே நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறோம்.

நீங்கள் வருவதற்கு முன்பு இங்கே சத்துப் பொட்டலம் கொடுத்தனுப்புவோம். பெண்கள் வாங்கிப் போவார்கள். அடுத்த முறை எடைக்கருவியில் ஏறினால் முள் பழைய இடத்திலேயே நிற்கும். நீங்கள் ஆய்வகத்துக்கு எதிரே இருந்த சின்ன அறையில் ஒரு நீள பெஞ்சைப் போட்டீர்கள். அவித்த முட்டை, வெந்த பயறு, ஒரு டம்ளர் பால். முட்டை ஆகாதவர்களுக்குப் பயறு கூடுதலாக. "இங்கேயே சாப்பிடும்மா. வீட்டுக்குக் கொண்டுபோனா வீடு சாப்பிட்டுரும்" என்றீர்கள். அதுவே இந்தப் பிரிவின் சட்டமானது.

சட்டத்தை மீறாதவர்கள் குறைவு. கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்த முட்டையை நீங்கள் எடுத்து மறுபடி தட்டில் வைப்பீர்கள்.

"பெரியவன் ஆசைப்படுவான்க்கா."

"பெரியவன் வெளிய வந்துட்டான். கேட்டு வாங்கித் தின்னுக்குவான். உள்ள இருக்கறது யாரைக் கேட்கும்?"

ஒருத்தி, முட்டை தின்றால் பிள்ளை கொக்கரிக்குமா என்று கேட்டாள். "உன் வீட்டுக்காரர் தினமும் பருப்பு திங்கறாரே, தலையில இலை விட்டிருக்கா?" என்றீர்கள். பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. சிரித்து முடிந்ததும் சொன்னீர்கள்: தின்ற புரதம் அப்படியே பிள்ளைக்குப் போவதில்லை. வயிற்றில் சிறு சிறு துண்டாக உடைகிறது. நஞ்சுக்கொடி அந்தத் துண்டுகளை அந்தப் பக்கம் கடத்துகிறது. பிள்ளை அவற்றைத் தன் விருப்பப்படி கோத்து இதயமாக, தோலாக, மூளையாக ஆக்கிக்கொள்கிறது. தாய் தின்னாவிட்டால் தாயின் சதையிலிருந்தே எடுக்கும். அதுவும் போதாவிட்டால் சிறுத்துப் பிறக்கும். இதை நீங்கள் ஒவ்வொரு காலையும் சொன்னீர்கள், குரல் கட்டிய நாளிலும்.

போன வருடம் வந்த தையல்காரப் பெண்ணை இங்கே யாரும் மறக்கவில்லை. கால் வீங்கியிருந்தது. ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. சிறுநீரில் புரதம் போகிறது என்றது ஆய்வகம். தினமும் வந்து காட்டச் சொன்னோம். அவள் வீட்டில் போய்ச் சொன்னாள். மறுநாள் முட்டையைத் தொடவில்லை, பாலைத் தள்ளி வைத்தாள். மாமியார் நிறுத்தச் சொல்லிவிட்டாராம்.

மாமியாரை வரவழைத்து அதே பெஞ்சில் உட்கார வைத்தீர்கள்.

"அளவுக்கு மீறித் தின்னுட்டா. அதான் புரதம் வெளிய வழியுது" என்றார் அவர்.

"ஓட்டைப் பானையில தண்ணி ஒழுகினா, தண்ணி அதிகமாயிடுச்சுன்னு அர்த்தமா அத்தை? ஓட்டைக்கு டாக்டர் வைத்தியம் பாக்கட்டும். நீங்க தண்ணியை நிறுத்தாதீங்க."

அந்த அம்மா தட்டை மருமகள் பக்கம் நகர்த்தினார். அன்றே அவளை உள்நோயாளியாகச் சேர்த்தோம். பிள்ளை மாதம் நிறையும் முன் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். எல்லாப் பிள்ளையும் அப்படி நடக்கவில்லை. அதையும் நீங்கள் எங்களோடு சேர்ந்து பார்த்தீர்கள். அந்த நாட்களில் பெஞ்சை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருப்பீர்கள். நாங்கள் கிட்டே வரமாட்டோம்.

கண்காணிப்பாளர் ஐயா மேடையில் இருக்கிறார். அவர் அறிந்ததைத்தான் சொல்கிறோம். உங்கள் இடத்துக்கு ஆள் போடப் போவதில்லை. பெஞ்ச் அறை சாமான் அறையாகும், மறுபடி பொட்டலம் கொடுத்தனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. இதைக் கேட்ட அன்று நீங்கள் கோபப்படவில்லை. "நான் போன பிறகு என்ன பண்றது" என்று மட்டும் சொன்னீர்கள். அது எங்களுக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. நாங்கள் ஐயாவிடம் கேட்டோம். "பக்கத்துல உக்காந்து பாத்துக்க ஆள் யாரு?" என்றார். நியாயமான கேள்வி. எங்களில் யாருக்கும் நிற்கவே நேரமில்லை.

பதில் நேற்று வாசல் வழியாக வந்தது. பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மாமியார் வந்தார். விஷயத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"காலையில நான் உக்காந்துக்கறேன். எவ எங்க ஒளிப்பான்னு எனக்குத் தெரியாதா? நானே எத்தனை தட்டைத் தடுத்தவ!" என்றார்.

ஐயாவிடம் கூட்டிப்போனோம். அவர் அந்த அம்மாவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "சரி, கொஞ்ச நாள் பார்ப்போம்" என்றார். கொஞ்ச நாள் என்பதைத் தாண்டி அவர் எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும் பெஞ்ச் இருக்கிறது. நாளைக்கும் முட்டை வேகும்.

இனி ஒரு வேண்டுகோள். உங்கள் சாப்பாட்டு டப்பா மதியம் பாதியோடு மூடிக்கொள்வதை இத்தனை காலமும் பார்த்திருக்கிறோம். வீட்டில் படுத்திருக்கும் உங்கள் கணவருக்கு அந்த மீதிப் பாதி. எங்களுக்குத் தெரியும். கேட்டதில்லை. அவருக்குத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறோம். இந்த மடலுக்குப் பக்கத்தில் மூடியிருக்கும் தட்டு உங்களுடையது. அதில் இருப்பதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. முதல் வரிசையில் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டாராம்.

நிறையத் தூங்குங்கள் அக்கா. நோயின்றி, வலியின்றி, அவசரமின்றி நெடுங்காலம் வாழுங்கள்!

அன்புடன்,
கர்ப்பிணிப் பிரிவின் செவிலியர், மருத்துவர்கள், ஆய்வகத்தார், மருந்தகத்தார், சமையலறையார், துப்புரவுப் பணியாளர், வாசல் காவலர்;
மற்றும், இன்று முதல், பெஞ்ச் காவலர்.