ஃபாத்திமா போடாத சுழி

எங்கள் கம்பெனி வாசலில் தொங்கும் பச்சை போர்டில் ஒரு எழுத்துப்பிழைகூடக் கிடையாது. வாசகம் நான் எழுதியது. 'பெண்களுக்கு வேலைவாய்ப்பு. பேறுகால விடுப்பு இருபத்தாறு வாரம், முழுச் சம்பளத்துடன். விவரங்களை நேர்முகத் தேர்வில் தயங்காமல் கேட்கலாம்.' எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் நின்றுகொண்டிருப்பதால் டிரைவர்கள்கூட அதை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இன்ஸ்பெக்டர் அம்மா, தாளும் பேனாவும் கொடுத்து, தோன்றுவதை எழுதுங்கள் என்றீர்கள். நன்றி. நானே எழுதினால் பிழை இருக்காது. என் பெயர் வரலட்சுமி. வயது நாற்பத்தேழு, வீடு ராயபுரம். திருவொற்றியூரில் இறால் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக வேலை. அதில் பன்னிரண்டு வருஷம் எச்.ஆர். மேனேஜர். யாரை எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது என்று பார்ப்பது என் பொறுப்பு.

அந்த போர்டு நாங்களாக ஆசைப்பட்டு வைத்ததல்ல. வேலை தேடி வரும் பெண்களிடம் விடுப்பைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லும் கம்பெனியிடம்தான் சரக்கு எடுப்போம் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொன்னதால் வந்தது. வைத்த பிறகு அது எனக்கு மிகவும் உதவியாக இருந்தது. இன்டர்வியூ முடிவில், "வேற ஏதாவது கேக்கணுமாம்மா?" என்பேன். சிலர் இல்லை என்பார்கள். சிலர் மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு, "போர்டுல போட்டுகீற லீவு நெசமாலுமே குடுப்பீங்களா மேடம்?" என்பார்கள். நிச்சயமாக என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டு, அவர்கள் விண்ணப்பத்தின் தலையில் ஒரு பிள்ளையார் சுழி போடுவேன்.

நம் ஊரில் காகிதத்தின் உச்சியில் சுழி இருந்தால் யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. சுழி போட்டதெல்லாம் என் மேஜையின் கீழ் டிராயருக்குப் போகும், அப்புறம் அங்கேயே கிடக்கும். கதவருகே திரும்பிப் பார்த்துவிட்ட ஒன்றிரண்டு பெண்கள், மேடம் சுழி போட்டுவிட்டார், வேலை நிச்சயம் என்று கும்பிட்டுவிட்டுப் போனதும் உண்டு. நானும் கும்பிடுவேன்.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைப்பீர்கள். எனக்கு மகன் பிறந்தபோது முப்பதாவது நாளே வேலைக்கு வந்தவள் நான். விடுப்பு உண்டு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மார்பில் துணியை மடித்து வைத்துக்கொண்டு வருகைப் பதிவேட்டின் முன் உட்கார்ந்திருப்பேன். பத்து மணிக்கெல்லாம் ரவிக்கை நனைந்துவிடும். பையனை மீஞ்சூரில் என் அம்மாவிடம் விட்டேன். அவன் அவளை அம்மா என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிட்டு வளர்ந்தான். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் நான் அக்காதான். அந்த வருத்தம் எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் அன்றைக்குக் கேட்காமல் இருந்ததால்தான் இந்த நாற்காலி கிடைத்தது என்பதும் எனக்குத் தெரியும்.

மலிகாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம். அவள் இன்டர்வியூவில் ஒன்றும் கேட்காதவள். சேரும்போதே முழுகாமல் இருந்திருக்கிறாள். வயிறு தெரிய ஆரம்பித்தபோது, என்னை ஏமாற்றிவிட்டாளே என்று எனக்கு நிஜமாகவே வலித்தது. இறால் உரிக்கும் மேஜையிலிருந்து அவளை ஐஸ் உடைக்கும் இடத்துக்கு மாற்றினேன். அங்கே ஆள் குறைவாக இருந்தது, அது உண்மை. ஐஸ் பாரைத் தூக்கி மிஷினில் போட வேண்டும். பதினோராவது நாள் பாரோடு வழுக்கி விழுந்தாள். பாரின் முனை வயிற்றில் இறங்கிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது ஐஸ் தூளெல்லாம் சிவந்து கிடந்தது. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவே வைத்து, வெளியே வருவதை உள்ளே தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைய ஐஸ் முழுவதையும் கொட்டிவிடச் சொன்னேன், சுத்தத்தில் நான் கறார். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், சொந்தக் காரணங்களுக்காக விலகுவதாக நானே அழகாக ஒரு கடிதம் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினேன்.

எழில்மொழி விஷயத்தில் தவறு என்னுடையதல்ல. அம்மாவின் திதிக்காக நான் மீஞ்சூர் போயிருந்த இரண்டு நாளில் லேபுக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டிருக்கிறது. ஃபேக்டரி மேனேஜர் பொன்ராஜ் என் கீழ் டிராயரைத் திறந்து, நல்ல மார்க் உள்ள ஒரு விண்ணப்பத்தை எடுத்து, அந்தப் பெண்ணை வரச் சொல்லிவிட்டார். சுழி இருந்ததைப் பார்த்து, நான் தேர்ந்தெடுத்துப் பத்திரமாக வைத்த விண்ணப்பம் என்று நினைத்துக்கொண்டாராம்.

வியாசர்பாடிப் பெண். அப்பா பீம்ராவ் கட்டட வேலைக்குப் போகிறவர். வீட்டில் முதன்முதலாகப் படித்தவள், இறாலை மோந்து பார்த்தே பிடித்து எத்தனை மணி நேரம் ஆனது என்று சொல்வாள். நல்ல வேலைக்காரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. சேர்ந்த அன்றைக்கே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வந்தவள், அதன் தலையில் இருந்த சுழியைப் பார்த்துவிட்டாள்.

"மேடம், இத்த யாரு போட்டது? நாங்க புத்தரைக் கும்புடுறவங்க. எங்க வூட்ல சுழியெல்லாம் போட மாட்டோம். எங்க நைனா பாத்துச்சுன்னா திட்டும்."

"நான்தாம்மா போட்டேன், உனக்கு நல்லது நடக்கட்டும்னு."

"அடுத்த வாட்டி கேட்டுட்டுப் போடுங்க மேடம்," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எட்டு மாதம் போயிற்று. அவளுக்கு ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் ஒரு ஆடிட்டர் அம்மா வியாழக்கிழமை வருவதாக இருந்தது. விண்ணப்பங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியிருந்ததால், நான் வெளியே போயிருந்த நேரத்தில் பொன்ராஜ் அந்த வேலைக்கு எழில்மொழியை உட்கார வைத்துவிட்டார். கீழ் டிராயரும் அவள் கைக்குப் போயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"மேடம், ஃபாத்திமான்ற பொண்ணு எங்கனா புள்ளையார் சுழி போட்டு எழுதுமா?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"செல்லக்கனின்னு ஒண்ணு, சர்ச் தெரு அட்ரஸ் குடுத்துகீது. அதும் மேலயும் சுழி. ரெண்டு பேருக்கும் போன் போட்டேன். இன்டர்வியூல இன்னா கேட்டீங்கன்னேன். லீவப் பத்திக் கேட்டோம்னாங்க. நானும் அதத்தான மேடம் கேட்டேன்?"

என் பன்னிரண்டு வருஷ வேலையில் அது ஒன்றுதான் பிசகு. கை பழக்கத்தில் பெயரைப் பார்க்காமல் போட்டிருக்கிறேன். சுழிக்குப் பதில் ஒரு சின்ன புள்ளி வைத்திருந்தால் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது.

என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"அந்த லெட்டர் வேணும். எவ்ளோ லீவு, இன்னா ரூலுன்னு வேலைக்கு சேர்ற அன்னிக்கே எழுதிக் கைல குடுக்கணும்னு சட்டமே கீதாமே. எனக்கு மட்டும் இல்ல மேடம், இன்டர்வியூக்கு வர்ற ஒவ்வொரு பொண்ணு கைலயும் குடுங்க. வியாழக்கெழமக்குள்ள குடுத்துட்டா நான் இன்னாத்துக்கு ஆடிட்டர் அம்மாகிட்ட வாயத் தொறக்கப் போறேன்?"

அவள் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். உரிமையோடு கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பதாம் நாள் வேலைக்கு வந்த என்னிடம் எப்படி இவ்வளவு நிதானமாகக் கேட்க முடிகிறது என்று இரவு முழுவதும் யோசித்தேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு பிளாஸ்ட் ஃப்ரீசர் இருக்கிறது. இறாலைக் கல்லாக உறைய வைக்கும் அறை, மைனஸ் முப்பத்தைந்து டிகிரி. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் திறந்துகொள்ள கதவின் உட்பக்கம் ஒரு குமிழ் உண்டு. அதை இயக்கும் ஆபரேட்டர் பாலகணேஷ், "மேடம், உள்குமிழ் சும்மா சுத்திகினே கீது, கதவு தொறக்க மாட்டேங்குது. யாரனா மாட்டிகினா பேஜாராயிடும்" என்று சொல்லி, எழுத்திலும் கொடுத்திருந்தார். பாதுகாப்புக் குழுவில் நானும் இருப்பதால் அந்தத் தாள் என்னிடம்தான் இருந்தது. புதன்கிழமை காலையில் அதை இன்னொரு தடவை படித்தேன்.

மதியம் ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போவார்கள். ஆடிட்டுக்கு சாம்பிள் எடுக்க வேண்டும், லெட்டரும் தயாராகிவிட்டது, வா என்று எழில்மொழியைக் கூப்பிட்டேன். லெட்டர் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. "தேங்க்ஸ் மேடம்," என்றாள். குளிருக்கான கோட்டை மாட்டிக்கொள்ளாமலே, ஒரு நிமிஷ வேலைதானே என்று உள்ளே போனாள். நான் கதவைத் தள்ளினேன்.

அவள் சுதாரிப்பான பெண். இடுக்கில் இரண்டு கைகளையும் வைத்துவிட்டாள். அவள் விரல்கள் மேல் கதவை இரண்டு தடவை அடித்தேன். எலும்பு முறியும் சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்காது. மூன்றாவது தடவை தேவைப்படாது என்று நினைத்தேன். அதற்குள் தோளைக் கொடுத்துப் பாதி வெளியே வந்துவிட்டாள். பக்கத்தில் இறால் அடுக்கும் ஸ்டீல் தட்டு இருந்தது. அதன் விளிம்பால் நெற்றியில் அடித்தேன், பிறகு வாயில், பிறகு மறுபடியும் நெற்றியில். அவள் முகத்தை மறைக்கவே இல்லை. உடைந்த கைகள் இரண்டையும் கொண்டு வயிற்றைத்தான் மறைத்தாள். அதனால் எனக்கு மூன்று அடியில் வேலை முடிந்தது. காலால் உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டு, வெளிப்பக்க ஆணியையும் செருகினேன். தட்டையும் தரையையும் கழுவினேன். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. ஃபேன் ஓடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும்.

கேண்டீனில் அன்று மோர்க்குழம்பு. பொன்ராஜோடு உட்கார்ந்து சாப்பிட்டேன், ஆடிட்டைப் பற்றிப் பேசினோம். இரண்டேகாலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். தட்டுவது நின்றிருந்தது. ஆணியை மட்டும் எடுத்துவிட்டு என் அறைக்குப் போனேன். நான்கு மணிக்கு பாலகணேஷ் கதவைத் திறந்து அலறினார். குப்புறக் கிடந்தாள், முழங்கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு. எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

நீங்கள் பாலகணேஷைப் பிடித்துக்கொண்டு வந்ததால்தான் நான் இங்கே வந்திருக்கிறேன். கதவு கெட்டிருக்கிறது என்று முறையாக எழுதிக் கொடுத்த மனிதர் அவர். ஒரு நல்ல ஊழியர் செய்யாத தப்புக்கு உள்ளே போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஊழியர் நலன்தான் என் வேலையே. எழில்மொழியையும் அவள் வயிற்றில் இருந்ததையும் கொன்றது நான். அவரை விட்டுவிடுங்கள்.

இங்கே வருவதற்கு முன் பிணவறைக்குப் போனேன். வாசலில் அவள் அப்பா பீம்ராவ் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் கம்பெனி மேடம் என்று தெரிந்ததும் எழுந்து நின்றார். "எம்மா, எம் பொண்ணு லீவு லீவுன்னு சொல்லிகினே கெடந்துச்சு. மெய்யாலுமே எவ்ளோ நாளும்மா குடுப்பாங்க?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். இருபத்தாறு வாரம், அதில் எட்டு வாரம் பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம், அந்த நாட்களில் வேலையை விட்டு நீக்க முடியாது, எண்பது நாள் வேலை செய்திருந்தாலே போதும். ஒரு வரி விடாமல் சொன்னேன். அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு கேட்டார்.

"இத்தினி கீதா? இத்த யாருமே அதுக்கு சொல்லலியாம்மா?"

என்னிடம் வந்து கேட்டவர்கள் யாருக்கும் நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை என்று அவரிடம் சொன்னேன். உங்களிடமும் அதையே சொல்கிறேன்.