வளைவில் ஏறியவன்

மாலை ஆறே முக்கால். ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரத்துக்கு ஏறும் மலைச்சாலை. அந்தச் சாலை கீழே ஆற்றங்கரையில் முடிந்துவிடும். பரிசலில் அக்கரை போனால் கர்நாடகம். ஆற்றங்கரைக் கடைகளைத் தாண்டினால் வனத்துறைச் சாவடி வரை வீடு கிடையாது, கடை கிடையாது, செல்போன் சிக்னலும் கிடையாது. இரண்டு பக்கமும் காடு...

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் ஓரகத்தியின் தங்கை நிர்மலாவுக்கு நடந்தது. நல்லம்பள்ளியில் இருக்கிறாள். இப்போதும் இருக்கிறாள்.

போன ஆடியில் அவளும் அவள் புருஷன் பிரபாகரும் பைக்கில் ஒகேனக்கல் போனார்கள். மூன்று வயது மகள் காவியாவை மாமியாரிடம் விட்டிருந்தார்கள். திரும்பும்போது தூறல். ஒரு வளைவில் பிரபாகர் வண்டியை ஓரங்கட்டினான். ஹெல்மெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

"இரு, ஒண்ணுக்குப் போயிட்டு வந்தர்றேன்."

இடது பக்கப் புதருக்குள் போனான். சருகு மிதிபடும் சத்தம் கேட்டது... சரக், சரக். அப்புறம் நின்றுவிட்டது.

"ஏங்க?"

மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்தாள், ஹாரன் அடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்து வந்தான்... வலது பக்கத்திலிருந்து. ஹெல்மெட்டை வாங்கி மாட்டினான். வண்டியைக் கிளப்பினான்.

போனது அந்தப் பக்கம். வந்தது இந்தப் பக்கம். சாலையைக் கடந்ததை அவள் பார்க்கவே இல்லை.

தோளில் கை வைத்தாள். சொட்டச் சொட்ட ஈரம். வெறும் தூறலில் இவ்வளவு நனையுமா? ஆற்றுப் பாசி வாடை வேறு. மெல்லக் கேட்டாள்.

"ஏங்க... பாப்பாவுக்கு இன்னிக்கு என்னா வாங்குனோம்?"

"பொம்மைப் பரிசல். எதுக்குக் கேக்கற?"

சரியான பதில். குரலும் அவன் குரல்தான். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. சாவடி வெளிச்சம் தெரிந்ததும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நிறுத்தச் சொன்னாள். இறங்கியவள் நேராக ஓடி அங்கிருந்த காவலர் கிருஷ்ணப்பன் பின்னால் நின்றுகொண்டாள்.

"ஐயா, அது எங்க வூட்டுக்காரரு இல்லீங்க!"

கிருஷ்ணப்பன் டார்ச் அடித்தார். பைக்கில் இருந்தவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். பிரபாகரின் முகம். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான்.

"என்னா புள்ள இது? இருட்டுல வழி தவறி ஓடையில வுழுந்துட்டேன். அதான் ரோட்டுப் பாலத்தடியில பூந்து அந்தப் பக்கமா ஏறி வந்தேன்."

நிர்மலாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவனிடம் போக ஓரடி எடுத்து வைத்தாள்.

அப்போதுதான் கீழேயிருந்து பஸ் வந்தது. நிற்பதற்குள்ளே படியிலிருந்து ஒருவன் குதித்தான். தலையில் ஹெல்மெட் இல்லை.

"நிர்மலா! என்னய வுட்டுட்டு யாரு கூட வந்த? அவங்கிட்டப் போவாத!"

அதுவும் பிரபாகர்.

பைக்கில் இருந்தவன் கத்தினான். "நிர்மலா! அவங்கிட்டப் போவாத!"

ஒரே முகம். ஒரே குரல். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பஸ்ஸில் விளக்கு எரிந்தது. ஆட்கள் இருந்தார்கள். நிர்மலா பஸ்ஸை நோக்கி ஓடினாள். பைக்கில் இருந்தவன் இறங்கி அவளைப் பிடிக்க வந்தான். அவன்தான் ஏதோ கடத்தல்காரன் என்று நினைத்துப் பயணிகள் இறங்கிக் கல்லை எடுத்தார்கள். ஒரு கல் அவன் நெற்றியில் பட்டது. பொத்திக்கொண்டு வண்டியில் ஏறினான். போகுமுன் அவளைப் பார்த்தான்... அழுதுகொண்டிருந்தானாம்.

"பாப்பாவ மட்டும் அவங்கிட்டத் தனியா வுடாத."

வந்த வழியே ஆற்றுப் பக்கம் போய்விட்டான்.

கிருஷ்ணப்பன் மெதுவாகக் கேட்டார். "ரெட்டைப் பொறந்தவங்களாம்மா?" அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

பஸ்ஸில் வந்தவனோடு அதே பஸ்ஸில் ஏறினாள். அவன் தோளில் சாய்ந்தாள். வெளியே தூறல் விடவில்லை. அந்த வளைவில் அவன் தூறலில் நின்று கை காட்டியதாகக் கண்டக்டர் சொன்னார். ஆனால் சட்டை... காய்ந்திருந்தது. பெட்டியிலிருந்து எடுத்த துணி மாதிரி.

மூன்றாம் நாள் பைக் கிடைத்தது. அக்கரையில், கர்நாடகப் பக்கம், தனியாக நின்றது. அதை ஏற்றிப் போனதாக எந்தப் பரிசல்காரரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தவனிடம் ஒரு குறையும் கிடையாது. வேலைக்குப் போகிறான், வருகிறான். குழந்தை மேல் உயிர். அவன் அம்மாவே என் மகன்தான் என்கிறார். நிர்மலா மட்டும் அன்றிலிருந்து பழைய விஷயம் எதையும் அவனிடம் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்ற பயம். குழந்தையை அவனிடம் தனியாக விடுவதும் இல்லை.

போன வாரம் நான் அங்கே போயிருந்தேன். பிரபாகர் தரையில் உட்கார்ந்து காவியாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். நிர்மலா ஒட்டினாற்போல் பக்கத்திலேயே இருந்தாள். குழந்தை சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவை அண்ணாந்து பார்த்தது.

"அம்மா... உம் பக்கத்துல நிக்கறது யாரு?"

பிரபாகர் நிமிர்ந்து போட்டோவைப் பார்த்தான். அடுத்த கவளத்தை உருட்டினான்.

"யாரோ, கண்ணு. நீ சாப்புடு."