ஒபின்னாவின் வயது

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து பியர்பொன்ட்ஸில் நாங்கள் வீடு வாங்கியதே பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகத்தான், பாலசந்திரன். காலையில் பிள்ளைகள் பனியை உதைத்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போவார்கள். என் மனைவி அம்புஜம் ஜன்னலருகே நின்று பார்ப்பாள். நான் அதற்குள் ரயிலுக்குக் கிளம்பிவிடுவேன்.

ஒபின்னாவின் குடியேற்ற விசாரணையில் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். இங்கே அவன் காலிலிருந்து பழைய குண்டுச் சிதறலை எடுத்த டாக்டர் நீங்கள். எங்கள் வீட்டுக்கு அவனை அழைத்து வந்ததும் நீங்கள்தான். சொல்கிறேன்.

அறுபத்தெட்டில் நான் கிழக்கு நைஜீரியாவில் ஓர் ஆண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். விடுதிப் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. அந்தப் பகுதி பியாஃப்ரா என்று தனிநாடாகப் பிரிந்து, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பெரிய பையன்கள் எல்லோரும் ஏற்கெனவே பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். ஒபின்னாவுக்குப் பன்னிரண்டு வயது. தாய் தகப்பன் இல்லை. அப்பளம் பொரிக்கும் வாசனை வந்தால் எங்கள் சமையலறை ஜன்னலில் வந்து நிற்பான். அங்கே நின்றே அம்புஜத்திடம் தமிழும் கற்றுக்கொண்டான்.

எட்டு வருஷம் கழித்து, கப்பல் வேலையை விட்டு இந்த ஊரில் இறங்கிவிட்டவன், உங்கள் காரிலிருந்து நொண்டி நொண்டி வந்து, "அப்பளம் இருக்கா அம்மா?" என்று தமிழில் கேட்டான். அம்புஜம் அழுதுவிட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டே அவன் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் மரத்துப்பாக்கியை வைத்துப் பயிற்சி. பிறகு, அகதிப் பையனைப்போல எதிரி முகாமுக்குள் போய்ச் சோறு கேட்க வேண்டும். எங்கே காவல் நிற்கிறது என்று பார்த்துவந்து சொல்ல வேண்டும். ஒரு முகாமில் சமையல்காரர் வயிறு நிறையப் போட்டாராம். அவன் திரும்பிவந்து வழி காட்டினான். மறுநாள் அந்தச் சமையல்காரரின் உடலைத் தாண்டிப் போக வேண்டியிருந்ததாம். "அதுலேர்ந்து யார் சோறு போட்டாலும் அவங்க முகத்தைப் பார்க்க முடியலை," என்றான். தலையைக் குனிந்தபடியேதான் அம்புஜத்திடம் தட்டை நீட்டினான்.

"உன்னை யாருப்பா அங்க கொண்டுபோய் விட்டது?" என்று அவள் கேட்டாள்.

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. "பட்டாளத்துக்காரங்க வந்தாங்கம்மா."

வந்தார்கள், உண்மைதான். லாரியோடு வந்த கேப்டன் மரியாதையான மனிதர். நாட்டைவிட்டுத் தப்பிக்க எங்களைக் காவலோடு விமானத் திடல்வரை அனுப்புவதாகச் சொன்னார். பதிலுக்கு, வேவு பார்க்கச் சின்னப் பையன்கள் வேண்டும் என்றார். அம்புஜம் அப்போது ஏழு மாதம். டீ குடித்துக்கொண்டுதான் பேசினோம். அவசரம் எதுவும் இல்லை. அப்பா அம்மா வந்து கேட்கக்கூடிய பையன்களை விட்டுவிட்டேன். மற்றவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பயப்படக்கூடாதே என்று, கால்பந்து ஆடப் போகிறீர்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ஒபின்னாவிடம் ஷூ இல்லை. அடுத்த கட்டில் பையனுடையதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அம்புஜம் உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பையன்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவளிடம் சொன்னேன். இன்றுவரை அதைத்தான் நம்புகிறாள்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவனை ரொக்ஸ்பரோ ரயில் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன். காரில் அவன் மெதுவாகச் சொன்னான்: "சார், அம்மாகிட்ட நான் எதுவும் சொல்லமாட்டேன். வளர்ந்த ஆளா, இஷ்டப்பட்டுச் சேர்ந்து கொலை பண்ணினவன்னு இங்க நினைக்கிறாங்க. நான் அப்போ ஸ்கூல் பையன்னு விசாரணையில நீங்க சொன்னாப் போதும்."

சொல்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

விசாரணை அன்று மகள் ரமாவுக்கு ஜலதோஷம் என்று சாக்குச் சொல்லி அம்புஜத்தை வீட்டில் இருக்கவைத்தேன். இவரைத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றால், பள்ளிக்கூடத்திலிருந்து பட்டாளத்துக்கு எப்படிப் போனார் என்பது அடுத்த கேள்வி. "விடுதியில் நிறையப் பையன்கள் இருந்தார்கள். இவர்தானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை," என்றேன். நீங்கள் ஏதோ சொல்ல எழுந்தீர்கள். ஒபின்னாதான் உங்கள் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

இத்தனை வருஷமாக, உயிருக்குப் பயந்து செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அறையில் துப்பாக்கி இல்லை. அதிகாரி எனக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அவனைத் திருப்பி அனுப்புகிறார்கள். விசாரணை தள்ளிப்போயிருக்கிறது என்று அம்புஜத்திடம் சொல்லிவைத்திருக்கிறேன்; அவனுக்காக ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள். அவள் வந்து சாட்சி சொன்னால் நிறுத்திவிடலாம் என்கிறீர்கள். சொல்வாள். அவளை ஒரு வார்த்தை கேட்டால் போதும், செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பிவிடுவாள். பையன் பட்டாளத்துக்கு எப்படிப் போனான் என்ற கேள்வி அங்கே வந்தால், நான் செய்தது அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்காகத்தான் ஒன்றையும் மறைக்காமல் உங்களிடம் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் அம்புஜத்தைக் கூப்பிடாதீர்கள், பாலசந்திரன். ஒபின்னாவும் அதைத்தான் விரும்புவான்.