என் புது நம்பர்

எங்கள் வீட்டில் பேச்சு முழுவதும் எனக்கே வந்துவிட்டது, ஐயா. மூத்தவளுக்கு மிச்சமே வைக்கவில்லை என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். பல் டாக்டரின் கிளினிக்கில் பதினோரு வருடமாக நான்தான் போன் எடுக்கிறேன். வலியில் கத்துகிறவர்கள்கூட என்னிடம் பேசிவிட்டு நன்றி சொல்லித்தான் வைப்பார்கள்.

அக்காவுக்குத் திக்குவாய். சில சொற்கள் மட்டும் வராது. 'இல்லை' என்பது வரவே வராது. கழுத்து நரம்பு புடைக்க நிற்பாள். அதனாலேயே எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவாள். பாடும்போது மட்டும் திக்காது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அக்காதான் பாடித் தூங்கவைப்பாள். தண்ணீர் மாதிரி ஓடும். அதில் ஒரு பாட்டை என் போனில் பதிந்துகூட வைத்திருக்கிறேன்.

கடன் என்னுடையது. முதலில் வாஷிங் மெஷினுக்கு, பிறகு அந்தத் தவணையைக் கட்ட இன்னொன்று. வசூல்காரர்கள் காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள். குளிக்கும்போது, பஸ்ஸில், கிளினிக்கில் என்று போன் விடாமல் அடிக்கும். ஒரு நாள் டாக்டர், "உனக்கே இவ்வளவு போன் வந்தா கிளினிக்குக்கு வர்றதை யாரும்மா எடுக்கிறது?" என்று கேட்டார். வேலை போனால் என் மகளுக்கு யார் இருக்கிறார்கள்? அன்றைக்கே வசூல்காரர்களிடம், "என் புது நம்பரைக் குறிச்சுக்கோங்க சார்" என்று அக்காவின் நம்பரைச் சொன்னேன்.

ஏன் அக்கா என்று கேட்பீர்கள். தனியாக ஒரு மாடி அறையில் இருக்கிறாள். சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிற வேலை. போன் அடித்தால் தொந்தரவுபட யாருமில்லை. தவிர, வேறு யாராக இருந்தாலும் முதல் அழைப்பிலேயே 'நான் அவள் இல்லை' என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.

"உ-உன் பேரைச் சொல்லித் திட்டறாங்கடி. ஒ-ஒருத்தன் என்னை மாதிரியே பே-பேசிக் காட்டறான். பக்கத்துல எல்லாரும் சி-சிரிக்கிறாங்க."

"கட் பண்ணிடேன்க்கா."

"ஒ-ஒருத்தர் பேசிட்டிருக்கும்போது எப்படிடி வெக்கறது?"

அவ்வளவு மரியாதை அவளுக்கு.

"ந-நம்பரை மாத்திடவா?"

"கம்பெனியில அந்த நம்பர்தானேக்கா இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கோ, நான் பேசி முடிக்கிறேன்."

தலையாட்டினாள். என்னைக் காட்டிக்கொடுக்கும் புத்தி அவளுக்குக் கிடையாது. போகும்போது என் மகளுக்கு ஒரு கவுன் கொடுத்துவிட்டுப் போனாள். முதுகில் வரிசையாகப் பதினாறு பொத்தான்.

நான் பேசி முடிக்கவில்லை. அந்த நான்கு மாதமும் நன்றாகத் தூங்கினேன். உடம்புகூடத் தேறியது. நான் வேலை பார்க்கும் இடம் எது என்று வசூல்காரர்கள் எழுதிக் கேட்டபோது அவளுடைய கம்பெனியைத்தான் எழுதினேன். கிளினிக்கை எழுத முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அக்காவின் நம்பரைச் சொல்லிக் கம்பெனிக்கே பேசியிருக்கிறார்கள். ஊரை ஏமாற்றுகிறவள் நீதானா என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டாராம். பக்கத்து மெஷின்காரி பிறகு அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். அக்கா ரொம்ப நேரம் வாயைத் திறந்தபடி நின்றாளாம். கடைசியில் தலையாட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம்.

அன்று மதியம் அவள் என்னை ஒன்பது முறை கூப்பிட்டிருக்கிறாள். சாயங்காலம் வீட்டுச் சொந்தக்காரர் மாடிக் கதவை உடைக்க வேண்டியிருந்தது. அவளை நான் ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று ஸ்டேஷனில் சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். போன் டிராயருக்குள் இருந்தது, வசூல்காரர்கள் என்று நினைத்து எடுக்காமல் விட்டேன் என்று சொல்லியிருந்தேன். வசூல்காரர்கள் என்னைக் கூப்பிட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அக்கா கூப்பிட்டால் அவள் பாடிய அந்தப் பாட்டுதான் மணியாக அடிக்கும். டிராயரை மூடியிருந்தாலும் கேட்கும்.

எடுத்தால் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க அவளுக்கு ஐந்து நிமிடம் ஆகும். வெளியே ஆறு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஒன்பது முறையும் முழுதாகக் கேட்டேன், ஐயா. ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை.