முதலில் அக்கா சூப்ப வேண்டும்

நான் ஒட்டுக்கேட்கிறவன் அல்ல. ஆனால் நோர்வேயில், ஹொல்ம்லியா போகும் ரயிலில் யாழ்ப்பாணத் தமிழ் தானாகவே காதில் விழும். நேற்றுப் பின்னேரம் எதிர் இருக்கையில் ஓர் அக்காவும் தங்கையும். அமெரிக்காவில் லூயிசியானாவுக்குப் போய்வந்த தங்கை சத்தமாகச் சொன்னாள்:

"தலையைச் சூப்பாதவனை அங்கை விருந்துக்கே கூப்பிடமாட்டினம், அக்கா."

"என்ன தலை?"

"கிரோஃபிஷ் தலை. சேத்துக்குள்ள கிடக்கிற சின்னச் சிங்கி றால் மாதிரி. அங்கை கேஜன் எண்டொரு சனம் இருக்கு, அவை உறைப்புப் போட்டு அவிச்சு, மேசையில பேப்பரை விரிச்சுக் கொட்டுவினம்."

"சீ, பேப்பரிலயோ?"

"முந்தி அது ஏழையளின்ர சாப்பாடாம். ஆரும் கண்டிடுவினம் எண்டு திண்ட கோதுகளை ஒளிச்சுப்போட்டவையாம். இப்ப அதுக்குத் திருவிழா வைக்கினம்."

"அதெப்பிடி மாறினது?"

"அவை வெக்கத்தை விட்டிட்டு, வாறவையையும் இருத்தித் தின்னக் குடுத்தவை. நீ என்னெண்டா, மகன்ர நோர்வேப் பெட்டையின்ர தாய்தேப்பன் ஞாயிற்றுக்கிழமை வருகினம் எண்டு, நண்டு, றால் போட்டுக் காய்ச்சிற எங்கட ஒடியல் கூழை விட்டிட்டு சால்மன் வைக்கப்போறாய்."

ரயில் ஹொல்ம்லியாவில் நின்றது. அக்கா பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"சரி, நண்டு வாங்கிக்கொண்டு வா. ஆனா அவைக்கு முன்னால நான் நண்டுக்கால் சூப்பமாட்டன், சொல்லிப்போட்டன்."

"நீதான் முதல்ல சூப்ப வேணும், அக்கா. உன்னைப் பாத்துத்தானே அவை பழக வேணும்!"