உங்க இஷ்டம்

இல்ல தம்பி, அந்த நாற்காலிலேயே உக்காரு. அண்ணன் நாற்காலின்னு யோசிக்காத, மூணு வாரமா அதுலதான் நான் துணி மடிச்சு வைக்கறேன். செத்ததுக்கு வராதவன் இப்பவாவது வந்தியே. குத்திக் காட்டல. வாயில வந்துடுச்சு.

டீ வேண்டாமா? சரி, உன் இஷ்டம். பாரு, இந்த வீட்டுல இஷ்டம்னு சொன்னாலே அவரு ரேடியோ நிகழ்ச்சிதான் ஞாபகம் வருது. இப்பவும் கடைக்குப் போனா, காலைல ஒம்பது மணிக்கு 'உங்க இஷ்டம்'னு பேசுவாரே, அவரு வீட்டுக்காரம்மாவான்னு கேக்கறாங்க.

தெருவோரம் முடி வெட்டறவருக்கு மூணு லைசென்ஸ் வேணும்னு நகராட்சி சொன்னப்ப என்ன பண்ணாரு? அந்த விண்ணப்பப் படிவத்தை முதல் வரிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் மைக்ல வாசிச்சாரு. சொந்தமா ஒரு வார்த்தை சேக்கல. கேட்டவங்க வயித்தைப் பிடிச்சுட்டு சிரிச்சாங்க. ஒரே மாசத்துல மூணு ஒண்ணாச்சு. அந்த ஆளு வீடு தேடி வந்து இவருக்கு முடி வெட்டி விட்டாரு. ஒரு பக்கம் கோணல். அது அவரு சுதந்திரம்னு சொல்லிட்டு அப்படியே ஆபீஸ் போனாரு.

ஆமா, பாதி ஊரு கிறுக்கன்னுதான் சொல்லுச்சு. அரசாங்கத்துக்குக் கோபம் வந்தா எனக்குப் பயமில்ல, நல்லெண்ணம் வந்தாதான் பயம்னு சொல்லுவாரே. ஏதோ புஸ்தகத்துலேர்ந்து எடுத்த பேச்சுன்னு நினைச்சாங்க. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும். உனக்குப் பத்தொம்பது வயசுல, உன் நல்லதுக்குன்னு உங்கப்பா கையெழுத்துப் போட்டு, உன்னை மனநல ஆஸ்பத்திரில விட்டாரு. ரெண்டு வருஷம். மணிக்கட்டுல கட்டிப் போட்ட தழும்போட வெளிய வந்தே. நான் உயிரோட இருக்கற வரைக்கும் யாரும் கையெழுத்துப் போட்டு உன்னை உள்ள தள்ள முடியாதுடான்னு சொன்னாரு அண்ணன். அந்த ஒரு வார்த்தையைத்தான் இருபது வருஷமா ஊருக்கெல்லாம் விரிச்சுப் பேசிட்டு இருந்தாரு.

தெரியும், நீ எதுக்கு மூஞ்சியத் திருப்பறேன்னு தெரியும். சொன்னவரே தள்ளிட்டாருன்னுதானே.

நீ மாத்திரைய நிறுத்தின அந்த ரெண்டு மாசமும் அவரு எப்படி இருந்தாருன்னு பாத்தவ நான். உன் ரூம் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து கெஞ்சுவாரு. நீ வேண்டாம்னா எந்திரிச்சு வந்துடுவாரு. டாக்டரு ரெண்டு தடவை உன்னை ஆஸ்பத்திரில சேக்கற படிவத்தை நீட்டினாரு. ரெண்டு தடவையும், என் தம்பி வேண்டாங்கறான் டாக்டர்னு சொல்லிட்டு வந்தாரு.

அப்புறம் நடந்தது நடந்துச்சு. வேன் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போச்சு. மறுநாள் ஆஸ்பத்திரில, நீயா கையெழுத்துப் போட்டேன்னு அவருகிட்ட கேட்டே. ஆமான்னாரு. நீ சுவரு பக்கம் திரும்பிப் படுத்தவன், அதோட அவருகிட்ட பேச்சை முடிச்சுக்கிட்டே.

உனக்குத் தெரியாதது அதுக்கு மேலதான். யாரோ அந்தப் படிவத்தைப் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்துட்டாங்க. சுதந்திரம் பேசினவரு தம்பியை அடைச்சு வச்சாருன்னு கொட்டை எழுத்துல போட்டாங்க. அன்னிக்குக் காலைல அவரே அதை ரேடியோல வாசிச்சாரு. என் தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கறேன், உங்ககிட்ட பேசற தகுதி எனக்குப் போயிடுச்சுன்னு சொல்லிட்டு ஹெட்போனைக் கழட்டி வச்சாரு. நிகழ்ச்சி முடிய இன்னும் நாப்பது நிமிஷம் இருந்துச்சு. பாட்டுப் போட்டு ஒப்பேத்தினாங்களாம்.

அதுக்கப்புறம் எங்க? பத்திரிகைக்கு எழுதிட்டிருந்த கட்டுரையும் விட்டாச்சு. மிஷின் கம்பெனிக்குக் கையேடு மொழிபெயர்த்துக் கொடுத்துட்டு இருந்தாரு. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் போடணும்னு வந்தா, போட்டுக்கறது நல்லதுன்னு எழுதுவாரு. கம்பெனில திருத்தித் திருப்பி அனுப்புவாங்க. இவரு மறுபடியும் நல்லதுன்னே எழுதி அனுப்புவாரு.

சிரிக்கறே. அவரும் இப்படித்தான், உதட்டை ஒரு பக்கமா வச்சு.

நீ மாசத்துக்கு ஒரு தடவை எனக்குப் போன் பண்ணுவே இல்ல? அவரு இங்கதான் நிப்பாரு, என் தோளை ஒட்டி. தூங்கறியா, மாத்திரை போடறியா, வேலை பாக்கற எடத்துல சத்தம் ஜாஸ்தியான்னு நான் கேட்டதெல்லாம் நானா கேட்டதில்ல. அவரு துண்டுச் சீட்டுல எழுதி நீட்டுவாரு. நீ வச்சதும், குரல் நல்லா இருக்குல்லன்னு என்கிட்ட கேப்பாரு.

ஏன் முன்னாடியே சொல்லலையா? சொல்லக் கூடாதுன்னு அவரு வாங்கின சத்தியம் அப்படி.

வேன் வந்த அன்னிக்கு மொட்டை மாடில துணி காயப்போட வந்தவ நான்தான். நீ கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காலைப் போட்டிருந்தே. சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்காது. மணி ஒம்பதரை. அவரு மைக் முன்னாடி. நான்தான் வேனைக் கூப்பிட்டேன். அண்ணி கையெழுத்து செல்லாது, கூடப் பிறந்தவருதான் போடணும்னாங்க. ரேடியோவுக்கு வர்ற கடுதாசிக்கெல்லாம் அவரு பேருல பதில் எழுதிக் கையெழுத்துப் போடறது நான்தான். கை பழகியிருந்துச்சு. போட்டுட்டேன்.

சாயங்காலம் அவருகிட்ட படிவத்தோட நகலைக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாரு. நான் இருந்திருந்தா போட்டிருப்பேனான்னு கேக்காதே, எனக்கே தெரியலன்னாரு. அப்புறம், அவனுக்கு இந்த வீட்டுல ஒருத்தராவது மிச்சம் இருக்கணும், அது நீயா இருந்துட்டுப் போன்னாரு.

உன்னைக் காப்பாத்தினதுக்கு எனக்கு வருத்தமே இல்ல தம்பி. இன்னொரு தடவைன்னாலும் போடுவேன். நீ அவருகிட்ட பேசாம இருந்தியே ஆறு வருஷம், அது எனக்கு வர வேண்டியது.